பேர் வாசித்து முடிந்த பிறகு

ஓய்வு பெற்ற மறுநாள் விடியற்காலை நான் வழக்கம்போல எழுந்து, முகம் கழுவி, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பால்வெட்டும் கத்தியும் வாளியுமாக என் மனைவி திரேசா என்னைத் தாண்டிப் போனாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பெரட்டுக்கு."

"ஒங்கள யாரு கூப்பிட்டா?"

அவ்வளவுதான் கேட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அன்றைய பொழுதைக் கழித்தேன்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தேன், அதில் கடைசி இருபது வருஷம் கங்காணி. விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் வாசிப்பது உண்மையில் கணக்கப்பிள்ளையின் வேலை. ஆனால் எங்கள் கணக்கப்பிள்ளைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் குரல் வரும். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் பேர் வாசித்தால் மூன்றாவது வரிசை லயத்து வீட்டில் தூங்குகிறவன்கூட "இருக்கேன்" என்று எழுந்து உட்காருவான். அப்படி ஒரு தொண்டை. தொண்டை இருந்த அளவுக்குக் காது இருந்ததா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை போன இரண்டு மாதத்தில் எனக்குத் தலைசுற்றல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பிரஷரைப் பார்த்துவிட்டு, "கங்காணி, சும்மா குந்திக்கிட்டு இருந்தா சீக்கிரம் போய்ச் சேந்துருவீங்க. புதுசா ஏதாச்சும் ஒண்ணு பழகுங்க. நாலு மனுசரோட பேசிக்கிட்டு இருங்க" என்றார். மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையை நான் அடிக்கடி மறந்தேன். பேசுவதை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

புதிதாகப் பழக எனக்குக் கிடைத்தது ஒரு ரேடியோ கேசட் மெஷின். எங்கள் ஒரே மகள் ஜெயந்தி அதற்கு முந்திய வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். லீவில் வந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தாள், கூடவே தன் குரலைப் பதிந்த ஒரு கேசட்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். கடிதம் எழுதினால் வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். டெலிபோனுக்கு யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். கேசட் என்றால் போட்டுவிட்டுக் கேட்டால் போதும்.

அதில் ஒரு வழக்கம் இருந்தது. வந்த கேசட்டிலேயே நாங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். கடைத்தெருவில் விற்ற கேசட்டில் நாடா சிக்கிக்கொள்ளும். வெளிநாட்டுக் கேசட் நல்லது. தவிரவும், அதே கேசட் திரும்பி வந்தால்தான் அனுப்பியது கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிள்ளைக்கு நிச்சயம். ஜெயந்தி ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் பேசுவாள். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டும். அவள் அடுத்த முறை முன்பக்கத்தில் என் பேச்சின் மேல் தன் பேச்சைப் பதிவாள். பின்பக்கத்தில் என்னுடைய பழைய பேச்சு அப்படியே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஒரே கேசட் போய்ப்போய் வந்தது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் அப்துல் ரஸாக்கிடம் போய், மெஷினில் நாடா உரசும் தலையைத் துடைப்பது எப்படி, சத்தம் இரையாமல் பதிவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். லயத்தில் இன்னும் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். எல்லாரும் பேச என்னிடம்தான் வந்தார்கள். நான் சும்மா பதிந்து கொடுத்தேனா? "சத்தமா பேசு", "கிட்ட வா", "அத விட்டுட்டு மாரியம்மன் திருவிழாவச் சொல்லு" என்று வேலை வாங்கினேன். பக்கத்து வீட்டு அழகம்மா, மகள் விஜயகலாவுக்குப் பேச உட்கார்ந்ததும் அழுதுவிடுவாள். நான் டக்கென்று பொத்தானை அமத்துவேன்.

"அழுகைய அனுப்பாத அழகம்மா. அங்க போறதுக்குள்ள கேசட் ஊறிப் போகும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அழகம்மாவும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிப்பாள். அவள் என்ன சொல்ல வந்து அழுதாள் என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஜெயந்தியின் கேசட் வந்தால் அது எங்கள் லயத்துக்கு விசேஷம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பாயை விரித்து, நடுவில் மெஷினை வைப்பேன். இருபது முப்பது பேர் கூடுவார்கள். ஜெயந்தி பேசப் பேச நான் இடையில் நிறுத்தி விளக்கம் சொல்வேன். கடைசியில் அவள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரிப்பாள். "அழகம்மா அத்தைய கேட்டதா சொல்லுங்க, மூக்கையா மாமாவ கேட்டதா சொல்லுங்க..." பேர் வந்ததும் அந்த ஆள் பெரட்டில் சொல்வதுபோல "இருக்கேன்" என்று கத்த வேண்டும். இது நான் கொண்டுவந்த சட்டம். பேர் வாசித்து முடிந்ததும் நான் பொத்தானை அமத்துவேன். ஆட்கள் எழுந்து போவார்கள். பெரட்டும் அப்படித்தானே கலையும்?

இந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்த ஒருவன் ரொபர்ட். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை அவனுக்கு. சாதுவான பிள்ளை. இரண்டு மைல் நடந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவான். என் விளக்கத்தைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடக்கிறான் என்று எனக்குப் பெருமை. ஒரு தடவை கேசட் பதியும்போதே அவனை வம்புக்கிழுத்தேன். "புகை வீட்டுல காயிற ஆளுக்குப் பொண்ணு குடுத்தா பொண்ணும் கறுத்துப் போகும்" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு கேசட் குவைத்துக்குப் போனது.

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு கேசட் வந்தது. அவளுடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிய நாலைந்து மாதம் இருந்தது. வழக்கம்போலக் கூட்டம், வழக்கம்போல விளக்கம். அன்று அவள் விசாரித்த பேர்களில் கடைசிப் பேர் ரொபர்ட். அவன் "இருக்கேன்" என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. நான் பொத்தானை அமத்தினேன்.

"அவ்ளோதானாங்கய்யா?" என்றான் ரொபர்ட்.

"பேர் முடிஞ்சிருச்சேப்பா. வேற என்ன?"

அவன் பாயைச் சுருட்டினான். அன்று அவனுக்கு அதைச் சுருட்ட ரொம்ப நேரம் பிடித்தது. போகும்போது, "நீங்களும் அம்மாவும் ஆறுதலா கேளுங்கய்யா, நான் வாரேன்" என்றான். கேட்டு முடித்த கேசட்டை என்னத்துக்கு மறுபடி நிதானமாக உட்கார்ந்து கேட்பது? மரியாதைக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் திரேசா, "அந்தப் பக்கத்தையும் ஒருக்கா திருப்பிப் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"அதுல என் பேச்சுத்தான் கெடக்கு. நேர்ல பேசுறதயே நீ கேக்குறதில்ல, அத எதுக்குப் போடச் சொல்ற?"

அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை கையில் இருக்கும். அதை வைத்து ஆயிரம் பேச்சை அப்படி வெட்டிவிட்டிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டுமாவது வெட்டாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

புதன்கிழமை இரண்டு பக்கமும் நிறையப் பேசினேன். கோயில் கூரையை மழைக்காற்று பிடுங்கிப் போனது, தோட்டத்துத் தொரைக்கு மாற்றல் வந்தது, அழகம்மாவின் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. "மேடம் நல்லவங்கன்னு சொல்ற. இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொன்னாலும் இரும்மா, இங்க ஒண்ணும் ஓடிப் போகாது" என்றும் சொன்னேன். கடைசியில் திரேசாவுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தேன். "சாப்புடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ரொபர்ட் வந்தான். "பதில் அனுப்பிட்டீங்களாங்கய்யா?"

"ரெண்டு பக்கமும்! எடம் போதல."

"என்ன சொன்னீங்க?"

நான் கோயில் கூரையிலிருந்து ஆட்டுக்குட்டி வரைக்கும் அவனுக்கு நடித்தே காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வேற ஒண்ணும் சொல்லலிங்களா?" என்றான். "வேற என்னப்பா இருக்கு?" என்றேன். அதன் பிறகும் இரண்டு ஞாயிறு வந்தான். பிறகு வரவில்லை. புகைக்காரனுக்குப் பவுசு வந்துவிட்டது என்று திரேசாவிடம் குறைப்பட்டேன்.

ஜெயந்தியின் அடுத்த கேசட் பத்து நிமிஷம்தான். "ஒங்க பதில் கெடச்சிச்சு அப்பா. நீங்க சொன்ன மாதிரியே இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டேன்" என்றாள். பிறகு பேர்கள். அதில் ரொபர்ட் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. என் பேச்சுக்கு என் பிள்ளை கொடுக்கிற மதிப்பைப் பார்த்தீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.

மறுவருஷம் தை மாதம் ரொபர்ட்டுக்குக் கல்யாணம். பெண் ருவன்வெல்லைப் பக்கம். எங்கள் கோயிலில்தான் கட்டினார்கள். லயத்துக்கே கேசட்காரன் நான், சும்மா இருப்பேனா? மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். மணிச்சத்தம், பாட்டு, பாதர் கேட்கிற கேள்வி, ரொபர்ட் "சம்மதம்" என்று சொல்வது, எல்லாம் தெளிவாக விழுந்தது. என் வாழ்க்கையிலேயே சுத்தமாகப் பதிந்த கேசட் அதுதான். விருந்தில் என்னென்ன கறி என்று கடைசியில் நானே பேசிச் சேர்த்து, அதை ஜெயந்திக்கு அனுப்பினேன்.

"கல்யாணம் நல்லா இருந்திச்சு அப்பா. மணிச்சத்தம் நல்லா கேட்டிச்சு" என்று பதில் வந்தது.

"புள்ள கொரல் ஒரு மாதிரி இருக்கு" என்றாள் திரேசா.

"தடிமன், சளி புடிச்சிருக்கும்" என்றேன்.

இரண்டு வருஷம் மறுபடி இரண்டானது. அதற்கும் மேல் ஒரு வருஷம். இரண்டாயிரத்து இரண்டில் ஜெயந்தி ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். முப்பத்திரண்டு வயது. ஒரு தையல் மெஷின் வாங்கி ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, லயத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் பேசுவேன். அவள் "ம்" கொட்டுவாள். அந்த "ம்"முக்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்றால் பொய்யில்லை. டிஸ்பென்சரி ஐயாகூட, "பிரஷர் நல்லா எறங்கியிருக்கு கங்காணி, மகள் வந்த ராசி" என்றார்.

அடுத்த வருஷம் இரத்தினபுரியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மனுஷன், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. ஜெயந்தி வேண்டாம் என்றாள். அதற்கு முந்தியும் இரண்டு வரனை அப்படித்தான் தட்டியிருந்தாள். திரேசா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகலில், அடக்கி வைத்திருந்த கோபம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னதான் ஒன் மனசுல இருக்கு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்! இத்தன வருசத்துல அப்பாகிட்ட ஒரு வார்த்த, இன்னதுதான் வேணும்னு சொல்லியிருக்கியா?"

மெஷின் நின்றது.

"சொன்னேனேப்பா" என்றாள்.

"எப்ப சொன்ன?"

"கேசட்லதான். ரொபர்ட்டப் பத்தி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.  அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கதான் எல்லாரையும் கூட்டி வச்சுல்ல போடுவீங்க. அதான் முன்பக்கத்துல எல்லாரையும் விசாரிச்சிட்டு, கடைசில, 'அந்தப் பக்கத்த நீங்களும் அம்மாவும் மட்டும் கேளுங்க'ன்னு சொன்னேன். பின்பக்கத்துல கேட்டேன். ரொபர்ட் வீட்டுல வந்து பேசட்டுமான்னு. கேக்கப் போறேன்னு அவருக்கும் முந்தியே எழுதியிருந்தேன். நீங்க முந்தி ஒரு தடவ புகை வீட்டு ஆளுக்குப் பொண்ணு குடுக்குறதப் பத்தி சொல்லியிருந்தீங்க, அதனால பயம். ஒங்கள சங்கடப்படுத்தக் கூடாதுல்ல? சம்மதம்னா அடுத்த கேசட்ல ஒரு வார்த்த சொல்லுங்க, இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேணாம், நான் புரிஞ்சிக்கிறேன்னு சொன்னேன்."

பேர் வாசித்து முடிந்த பிறகு அவள் பேசியிருக்கிறாள். நான் பொத்தானை அமத்திய பிறகு. அந்தப் பின்பக்கத்தின் மேல்தான் நான் புதன்கிழமை உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக் கதையைப் பதிந்திருக்கிறேன்.

"எனக்குக் கோவமில்லப்பா" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். "நெசமா சொல்றேன். ரெண்டு நாள் அழுதேன், அவ்ளோதான். அப்புறம் யோசிச்சேன். எங்கப்பா அர நிமிசம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டாரு. ஒரு மணி நேரம் பேசியிருக்காரு, அதுல ரொபர்ட் பேரு ஒரு எடத்துலகூட வரல. எவ்ளோ கஸ்டப்பட்டு அத அடக்கியிருப்பாரு, எம் மனசு நோகக் கூடாதுன்னுதானேன்னு நெனச்சேன். கல்யாணக் கேசட் வந்தப்பவும் அப்பிடித்தான். வேற யாரோ சொல்லி நான் கேக்குறதுக்கு முந்தி, அப்பாவே எனக்குச் சொல்லிட்டாருன்னு இருந்துச்சு. வாய்ல சொல்ல முடியாம மணிச்சத்தத்த அனுப்பியிருக்காருன்னு. அத நெனச்சிக்கிட்டுத்தான் அங்க இருந்தேன். என்னய அவ்ளோ யோசிக்கிற ஆளு ஒருத்தர் வீட்டுல இருக்காரேன்னு."

இப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். குவைத்தில் ஐந்து வருஷம் அவளைத் தாங்கிய ஒரு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஆள் நான் இல்லை.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனால் நான் மறுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ரொபர்ட்டை எனக்குப் பிடிக்கும். அவள் கேட்டது என் காதில் விழுந்திருந்தால், அன்றைக்கே லயத்தை எழுப்பியிருப்பேன், பிரதான வீதி வரைக்கும் கேட்கும்படி கத்தியிருப்பேன். இவ்வளவு நல்ல செய்தியை எப்படி உள்ளே வைத்துக்கொண்டிருப்பது? நல்ல செய்தி என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. என் புத்தி அவ்வளவுதான்.

"நான் அதக் கேக்கவே இல்லம்மா" என்றேன்.

"எத?"

"பின்பக்கத்த. நான் திருப்பிப் போடவே இல்ல. என் பழைய பேச்சுத்தான் இருக்கும்னு நெனச்சு அது மேலயே பதிஞ்சிட்டேன். அம்மாகூட போடச் சொன்னா. நான்தான் போடல. கேட்டிருந்தா ஆயிரம் சம்மதம் சொல்லியிருப்பேன் தாயி. ரொபர்ட் எனக்குப் புள்ள மாதிரி. ஒனக்கு நான் வேணாம்னு சொல்லலம்மா. சத்தியமா சொல்லல."

ஜெயந்தி தன் மடியைப் பார்த்தாள். மடியில் இருந்த துணியில் ஊசி குத்தியிருந்தது. அதை எடுத்து ஊசிப் பெட்டியில் வைத்தாள். மெஷினிலிருந்த நூலைக் கத்தரித்தாள். ஏதாவது கேட்பாள், அழுவாள், திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். என் ஆயுளில் ஒருவர் பேசட்டும் என்று நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது.

"இத சொல்லாமலே இருந்திருக்கலாமேப்பா."